வயிற்றில் ஐந்து மாதம், கையில் மூன்று வயது: கடலுக்குப் போகலாமா?

கேள்வி: டொக்டர் அக்கா, நான் ஹட்டன் பக்கம் ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறேன். வயது 29. மூன்று வயதில் ஒரு மகள் இருக்கிறாள், இப்போது வயிற்றில் 15 வாரம். ஆகஸ்ட் விடுமுறையில் மூன்று நாலு நாள் கடற்கரையில் இருந்துவிட்டு வரலாம் என்று கணவர் சொல்கிறார். அவருடைய அண்ணன் குடும்பமும் நாங்களும் சேர்ந்து ஒரு வேன் பிடித்து, ராத்திரி கிளம்பி விடிய உனவட்டுனவுக்குப் போய்ச் சேருவதாகத் திட்டம். மாமிக்கு இது பிடிக்கவில்லை, பிள்ளைத்தாய்ச்சி கடல் பக்கம் போகக் கூடாது என்கிறார். முதல் பிள்ளை சுகப்பிரசவம். இந்த முறை கிளினிக்கில் இரத்தம் பார்த்து ஹீமோகுளோபின் 10.1 என்று எழுதியிருக்கிறார்கள், வேறு பிரச்சினை ஒன்றும் சொல்லவில்லை. நான் கடலைச் சின்ன வயதில் பார்த்தது, மகள் பார்த்ததே இல்லை. போகலாமா? வெயிலில் நின்றால் பிள்ளை கறுப்பாகப் பிறக்கும் என்றும் சொல்கிறார்கள், உண்மையா?

பதில்: அன்புள்ள தங்கச்சிக்கு,

போகலாம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், யாராவது வேண்டாம் என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம் உங்கள் கடிதத்தில் வரிக்கு வரி தெரிகிறது. பாடசாலை, வீடு, பிள்ளை என்று ஓடிக்கொண்டே இருக்கிற ஒரு பெண்ணுக்கு மூன்று நாள் கடல் காற்று வாங்க ஆசை வருவதில் எந்தத் தப்பும் இல்லை. ஆனால் நீங்கள் எழுதியிருக்கிற திட்டம் அப்படியே வேண்டாம். போகிற கடற்கரையை மாற்றுங்கள், கிளம்புகிற நேரத்தை மாற்றுங்கள், இவை இரண்டையும் விட முக்கியமாக, அங்கே உங்கள் மகளைப் பார்த்துக்கொள்வது யார் என்பதைப் புறப்படும் முன்பே வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். இந்தக் கடைசி விஷயத்தைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தையும் இல்லை, அது நீங்கள்தான் என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள், நீங்களும் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள்.

முதலில் மாதக் கணக்கு. ஆகஸ்ட்டில் உங்களுக்கு 21, 22 வாரம் ஆகியிருக்கும். பயணத்துக்கு இதை விட நல்ல காலம் கிடையாது. முதல் மூன்று மாதத்து வாந்தியும் சோர்வும் அடங்கியிருக்கும், கருச்சிதைவு பயம் பெரும்பாலும் தாண்டியிருக்கும், வயிறு இன்னும் நடக்க முடியாத அளவுக்கு வளர்ந்திருக்காது. பொதுவாக 14 முதல் 28 வாரம் வரைக்கும் உள்ள காலத்தைத்தான் தூரப் பயணத்துக்குச் சொல்வோம். ஒன்று மட்டும் செய்யுங்கள்: 18 முதல் 22 வாரத்துக்குள் பிள்ளையின் உறுப்புகளைப் பார்க்கிற ஸ்கேன் ஒன்று இருக்கிறது, அதைப் போவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள். நஞ்சுக்கொடி கர்ப்பப்பை வாயை மூடிக்கொண்டு கீழே இருக்கிறதா என்பது அதில் தெரிந்துவிடும். அப்படி இருந்தாலோ, இடையில் இரத்தம் பட்டாலோ, பிரஷர் கூடியிருந்தாலோ, இரட்டைப் பிள்ளை என்று தெரிந்தாலோ நான் இப்போது சொல்வதை வைத்துக்கொண்டு கிளம்ப வேண்டாம், உங்கள் கிளினிக் டொக்டரிடம் கேட்டு அவர் சொல்கிறபடி செய்யுங்கள்.

மாமி சொல்வதைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் காலத்தில் தோட்டத்து லயத்திலிருந்து ஒரு கர்ப்பிணியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதே பெரும்பாடு, லொறி கிடைத்தால் லொறி, இல்லாவிட்டால் கம்பளியில் கட்டித் தூக்கிக்கொண்டு போனார்கள். அப்படி இருந்தவர்கள் வீட்டை விட்டுத் தூரம் போகாதே என்று சொன்னதில் நியாயம் இருந்தது. அந்தப் பயத்தை மதிக்க வேண்டும், அவரோடு சண்டை பிடிக்க வேண்டாம். கடல் காற்றோ உப்புத் தண்ணீரோ வயிற்றுப் பிள்ளையை ஒன்றும் செய்யாது, தூரமும் களைப்பும் உதவி கிடைக்காத இடமும்தான் ஆபத்து, அதற்கெல்லாம் என்ன ஏற்பாடு செய்திருக்கிறோம் என்று அவருக்கு விளக்கமாகச் சொல்லுங்கள். அப்புறம், முடிந்தால் அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

இப்போது எந்தக் கடல் என்பது. ஆகஸ்ட்டில் உனவட்டுன வேண்டாம், ஹிக்கடுவ, பெந்தோட்ட, மிரிஸ்ஸ எதுவும் வேண்டாம். மே மாதத்திலிருந்து செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று அடிக்கிறது, நம்முடைய மலையில் விடாமல் தூறிக்கொண்டிருக்கிற அதே மழைக்காற்றுதான் அங்கே கடலைக் கொந்தளிக்க வைக்கிறது. அலை பெரிசு, அடியில் இழுவை, கரையில் சிவப்புக் கொடி. பெரிய ஆட்களையே இழுத்துவிடுகிற கடலுக்கு மூன்று வயதுப் பிள்ளையைக் கொண்டுபோய் நிறுத்தினால் நீங்கள் ஒரு நிமிடம் கூட நிம்மதியாக உட்கார முடியாது. அந்தக் கரைக்கு டிசம்பர் முதல் மார்ச் வரைதான் நல்ல காலம். ஆகஸ்ட்டில் கிழக்குக் கரை அமைதியாக இருக்கும். திருகோணமலையில் உப்புவெளி, நிலாவெளி இருக்கின்றன, மட்டக்களப்புப் பக்கம் பாசிக்குடா இருக்கிறது. உங்களுக்கு நான் சொல்வது பாசிக்குடா. அது ஒரு வளைகுடா, அலை மிகக் குறைவு, வெகுதூரம் நடந்து போனாலும் இடுப்பளவு தண்ணீர்தான் இருக்கும். முதல் தடவை கடலைப் பார்க்கப் போகிற பிள்ளைக்கும் வயிற்றுச் சுமையோடு இருக்கிற தாய்க்கும் இலங்கையில் அதைவிட ஏற்ற இடம் எனக்குத் தெரியவில்லை. அறுகம்குடாவும் கிழக்கில்தான் இருக்கிறது என்று யாராவது சொல்வார்கள், அங்கே அந்த மாதங்களில் அலைச்சறுக்கு விளையாட்டுக்காரர்கள் வருவதே பெரிய அலைக்காகத்தான், அதனால் அது வேண்டாம்.

அடுத்தது அந்த ராத்திரிப் பயணம். நம்மூரில் டூர் என்றால் இப்படித்தான், நடுச்சாமத்தில் வேன் ஏறுவது, பாட்டை முழுச் சத்தத்தில் போடுவது, சாரதி தூங்காமல் இருக்க முன் சீட்டில் ஒருவர் கதை சொல்லிக்கொண்டு வருவது. இளவட்டங்களுக்குச் சரி. கர்ப்பிணியும் சின்னப் பிள்ளையும் இருக்கிற வேனுக்கு அது சரிவராது. பகல் முழுக்க வேலை செய்த சாரதி ஹட்டனிலிருந்து கினிகத்தேனை வளைவுகளை இருட்டிலும் பனியிலும் இறங்க வேண்டும். அதைத் தாண்டி நாவலப்பிட்டி, கம்பளை, கண்டி, மாத்தளை, தம்புள்ளை என்று போய் ஹபரணையைத் தொட்டால், அங்கிருந்து பொலன்னறுவைப் பாதையில் யானை வீதிக்கு வரும். பொழுது சாய்ந்த பிறகும் விடியும் முன்பும் அந்தப் பக்கம் வேன் ஓட்டாமல் இருப்பதே நல்லது. அதனால் காலையில் சாப்பிட்டுவிட்டு வெளிச்சத்தில் கிளம்புங்கள். மாத்தளையிலோ தம்புள்ளையிலோ சொந்தக்காரர் யாராவது இருந்தால் முதல் இரவை அங்கே கழித்துவிட்டு மறுநாள் மிச்சத் தூரத்தைப் போகலாம், ஒரே மூச்சில் போகிறதை விட உங்கள் முதுகுக்கும் பிள்ளைக்கும் அது எவ்வளவோ மேல். ஆகஸ்ட்டில் மலைப் பாதைகளில் மண்சரிவு எச்சரிக்கையும் வரலாம், கிளம்பும் முதல் நாள் பாதை திறந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

வேனில் கடைசி சீட்டு உங்களுக்கு வேண்டாம், குலுக்கல் எல்லாம் அங்கேதான். நடு வரிசையில், பெல்ட் இருக்கிற சீட்டாகப் பார்த்து உட்காருங்கள், வேனை வாடகைக்குப் பேசும்போதே பின் சீட்டுகளில் பெல்ட் வேலை செய்கிறதா என்று கேளுங்கள், நிறைய வேன்களில் சீட்டுக்கு அடியில் சுருட்டித் தள்ளியிருப்பார்கள். பெல்ட்டின் கீழ்ப்பட்டி வயிற்றுக்கு மேலே போகக் கூடாது, வயிற்றுக்குக் கீழே இடுப்பெலும்பில் படிய வேண்டும், மேல்பட்டி இரண்டு மார்புக்கும் நடுவாக வந்து வயிற்றின் ஓரமாக இறங்க வேண்டும். பிள்ளைக்கு பாதிக்கும் என்று பயந்து பெல்ட் போடாமல் வருகிறார்கள், சரியாகப் போட்ட பெல்ட்தான் இரண்டு பேரையும் காப்பாற்றும். மகளை உங்கள் மடியில் வைத்துக்கொண்டு போகாதீர்கள், சடாரென்று பிரேக் அடித்தால் அவள் உங்கள் வயிற்றில்தான் மோதுவாள், உங்களால் அவளைப் பிடித்துக்கொள்ளவும் முடியாது. பிள்ளைகளுக்கான சீட்டு யாரிடமாவது இரவல் கிடைத்தால் மிக நல்லது, இல்லாவிட்டால் தனியாகப் பின் சீட்டில் பெல்ட்டோடு இருக்கட்டும், பக்கத்தில் ஒரு பெரியவர் இருந்தால் போதும். வளைவில் வாந்தி எடுக்கிற பிள்ளையாக இருந்தால் புறப்படும் முன் பால் நிறையக் கொடுக்காமல் லேசாக ஏதாவது கொடுங்கள், போனைக் கையில் கொடுத்துக் குனிந்து பார்க்க விடாதீர்கள்.

இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவையாவது வேனை நிறுத்தி இறங்கி நடங்கள். கர்ப்ப காலத்தில் இரத்தம் உறையும் தன்மை கூடுகிறது, காலைத் தொங்கப் போட்டபடி மணிக்கணக்காக இருந்தால் கெண்டைக்கால் இரத்தக் குழாய்க்குள் கட்டி விழ வாய்ப்பு இருக்கிறது. ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ மூச்சு முட்டினாலோ அது களைப்பு என்று இருந்துவிடக் கூடாது. அப்புறம் தண்ணீர். வழியில் கக்கூஸ் நல்லதாக இருக்காது என்பதற்காக நம் பெண்கள் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல், வந்ததையும் அடக்கிக்கொண்டு பயணம் செய்கிறார்கள். தயவுசெய்து நீங்கள் அதைச் செய்யாதீர்கள். கர்ப்பத்தில் சிறுநீர்த் தொற்று சுலபமாக வரும், கவனிக்காமல் விட்டால் அது சிறுநீரகம் வரை ஏறிக் காய்ச்சலாகி, குறைமாதப் பிரசவத்தில் கூடக் கொண்டுபோய் விடலாம். வழியில் எந்த ஊரில் எந்த சாப்பாட்டுக்கடையில் நிறுத்துவது என்று சாரதியிடம் முன்பே பேசி வையுங்கள், இதைக் கேட்க வெட்கப்பட ஒன்றும் இல்லை. அதே காரணத்துக்காகவே, கடலில் குளித்த ஈர சல்வாரோடு மணிக்கணக்காக உட்கார்ந்திருக்காமல் உடனே மாற்றிவிடுங்கள்.

இப்போது நான் உண்மையில் சொல்ல நினைத்த விஷயத்துக்கு வருகிறேன்.

கடற்கரையில் உங்கள் மகளுக்குக் காவல் நீங்கள் இல்லை. இதை உங்கள் கணவருக்கும் வாசித்துக் காட்டுங்கள். மூன்று வயதுப் பிள்ளை தண்ணீரைப் பார்த்தால் ஒன்று பயந்து அழும், இல்லாவிட்டால் நேராக ஓடும், எது நடக்கும் என்று முதல் நாள் வரைக்கும் யாருக்கும் தெரியாது. ஓடுகிற பிள்ளையை மணலில் துரத்திப் பிடித்து, ஒரு கையால் தூக்கிக் கரைக்குக் கொண்டுவருகிற வேலையை ஐந்து மாத வயிற்றோடு உங்களால் செய்ய முடியாது. உடம்பின் பாரம் முன்னுக்கு வந்திருக்கும், மூட்டுகள் தளர்ந்திருக்கும், ஈர மணலில் கால் இடறினால் விழுவது நீங்கள். பிள்ளையைத் தூக்கவே கூடாது என்று சொல்லவில்லை, வீட்டில் குந்தி உட்கார்ந்து அவளை அணைத்துத் தூக்கலாம், பயப்பட வேண்டாம். தண்ணீர்க் கரையில் அவளுக்குப் பொறுப்பாக நிற்பது மட்டும் வேறு ஒருவராக இருக்க வேண்டும்.

யார் அந்த ஒருவர்? இங்கேதான் கூட்டமாகப் போகிற பயணங்களில் தவறு நடக்கிறது. பத்துப் பெரியவர்கள் கரையில் இருப்பார்கள், பத்துப் பேரும் மற்றவர் பார்த்துக்கொள்கிறார் என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். மூழ்குகிற சின்னப் பிள்ளை கத்தாது, கையை அடிக்காது, சத்தமே இல்லாமல் ஒன்றிரண்டு நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும், முழங்கால் அளவு தண்ணீரே போதும். அதனால் பேரைச் சொல்லிப் பொறுப்பைக் கொடுங்கள்: இந்த அரை மணித்தியாலம் அப்பா, அடுத்த அரை மணித்தியாலம் பெரியப்பா. பொறுப்பில் இருப்பவர் போனைப் பார்க்கக் கூடாது, படம் பிடிக்கக் கூடாது, பிள்ளை கைக்கெட்டுகிற தூரத்தை விட்டு விலகக் கூடாது. டூர் போனால் ஆண்கள் போத்தல் திறக்கிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது, அதைப் பற்றி நான் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன், குடித்தவர் பிள்ளைக்குக் காவல் நிற்கவும் கூடாது, தானும் கடலில் இறங்கக் கூடாது. உங்கள் கணவருக்கு நீந்தத் தெரியுமா? மலையில் வளர்ந்த நம்மில் நிறையப் பேருக்குத் தெரியாது. தெரியாவிட்டால் அவர் முழங்காலுக்கு மேல் பிள்ளையோடு இறங்கவே வேண்டாம், அவ்வளவு தண்ணீர் அவளுக்குத் தாராளம். கடையில் விற்கிற காற்றடிக்கிற டியூப், கையில் மாட்டுகிற பலூன் எல்லாம் விளையாட்டுச் சாமான், அவற்றை நம்பிப் பிள்ளையை விட்டுவிட்டுத் திரும்பாதீர்கள். நீல நிற உடுப்பு வேண்டாம், தண்ணீரோடு தண்ணீராகத் தெரியாமல் போகும், ஒரேஞ்சோ பளிச்சென்ற ரோஸோ போடுங்கள். கூட்டத்தில் தவறிப்போனால் உதவட்டும் என்று கணவருடைய போன் நம்பரை அவள் கையில் பேனாவால் எழுதி விடுங்கள். தங்குகிற இடத்தில் நீச்சல் குளம் இருந்தால் அறைக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் மேலே இருக்கிறதா என்று போனவுடனே பாருங்கள், கடலை விடக் குளம் பக்கத்தில் இருக்கிறது.

மாமியைக் கூட்டிக்கொண்டு போங்கள் என்று சொன்னதற்குக் காரணம் இதுதான். தண்ணீருக்குள் காவல் அவர் வேலை இல்லை, அதற்கு அப்பா இருக்கிறார். மத்தியானம் பிள்ளையைத் தூங்க வைக்க, சோறு ஊட்ட, நீங்கள் ஒரு மணித்தியாலம் காலை நீட்டிப் படுக்க அவர் இருந்தால் உங்களுக்கு அது விடுமுறை. அவர் இல்லாவிட்டால் வீட்டு வேலை இடம் மாறிக் கடற்கரைக்கு வந்த கதைதான். டூர் போய்விட்டு அடுத்த கிளினிக்குக்கு முகம் வாடி வருகிற தாய்மாரை நான் நிறையப் பார்க்கிறேன், எல்லோரும் குளித்தார்கள், எல்லோரும் சாப்பிட்டார்கள், இவள் மட்டும் மூன்று நாளும் பிள்ளைக்குப் பின்னால் ஓடியிருப்பாள். அது உங்களுக்கு நடக்கக் கூடாது. மாமிக்கும் கடல் பார்க்க ஆசை இருக்கும், கேட்டுப் பாருங்கள்.

நீங்கள் கடலில் இறங்கலாமா? தாராளமாக. பாசிக்குடா போன்ற அமைதியான தண்ணீரில் இடுப்பளவுக்கு, பக்கத்தில் ஒருவரை வைத்துக்கொண்டு, காலை நேரத்தில் இறங்குங்கள். நிறைந்த கொழுந்துக் கூடையை முதுகிலிருந்து இறக்கி வைத்த மாதிரி இருக்கும், தண்ணீர் உங்கள் பாரத்தைத் தாங்கிக்கொள்ளும், இடுப்பு வலிக்கு அதைப் போல சுகம் வேறு இல்லை. வேகப் படகு, ஜெட்ஸ்கி, வாழைப்பழப் படகு என்று கூப்பிடுவார்கள், ஏறாதீர்கள், அலையில் தூக்கித் தூக்கிப் போடுகிற அடியும் விழுகிற அபாயமும் வயிற்றுக்கு ஆகாது. ஆழத்தில் முக்குளிப்பது கர்ப்பம் முழுக்கவே கூடாது. ஹோட்டலில் சூடான தண்ணீர்த் தொட்டி, நீராவி அறை இருந்தால் அதுவும் வேண்டாம்.

வெயிலைப் பற்றி நீங்கள் குறைவாக மதிப்பிடுவீர்கள் என்று பயப்படுகிறேன். ஆகஸ்ட்டில் இரவில் கம்பளி போர்த்துகிற ஊரிலிருந்து, கச்சான் காற்று வீசுகிற மட்டக்களப்புக்குப் போகிறீர்கள். அது தரைப் பக்கமிருந்து வருகிற வறண்ட சூட்டுக் காற்று, வேர்ப்பது தெரியாமலே உடம்புத் தண்ணீரை இழுத்துவிடும். கர்ப்பிணிக்கு ஏற்கெனவே உடம்புச் சூடு கூட, பிரஷரும் கொஞ்சம் தாழ்ந்திருக்கும், இரத்தமும் உங்களுக்குக் குறைவு, எழுந்தவுடன் கண் இருட்டிக்கொண்டு வர எல்லாக் காரணமும் இருக்கிறது. காலை ஒன்பது ஒன்பதரை வரைக்கும், பிறகு பின்னேரம் நாலு மணிக்கு மேல், அவ்வளவுதான் கடற்கரை. நடுவில் சாப்பாடும் தூக்கமும். முடிந்தால் ஏசி அறை பாருங்கள், இந்தச் செலவைக் குறைக்க வேண்டாம், குறைக்க வேண்டுமானால் ஒரு நாளைக் குறையுங்கள். சிறுநீர் கடும் மஞ்சளாகப் போனால் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம். தெம்பிலி இளநீர் நல்லது, கண் முன்னால் வெட்டிக் கொடுப்பதைக் குடியுங்கள். மகளுக்குத் தொப்பியும் கை நீண்ட மெல்லிய சட்டையும் போட்டுவிடுங்கள், ஜீவனி பைக்கற் இரண்டு மூன்று கையோடு இருக்கட்டும், வயிற்றோட்டம் வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போகும் வரை அதைக் கரைத்துக் கரைத்துக் கொடுக்கலாம்.

சாப்பாட்டில் பெரிய கட்டுப்பாடு இல்லை. வாழைச்சேனையும் கல்குடாவும் மீனுக்குப் பேர்போன பக்கம், நன்றாக வெந்த மீன் குழம்பைச் சுடச்சுடச் சாப்பிடுங்கள். சூடை, நெத்தலி, கீரி போன்ற சின்ன மீன்கள் மிக நல்லவை. சுறா, தளப்பத்து போன்ற பெரிய மீன்களில் பாதரசம் சேர்ந்திருக்கும், பிள்ளையின் மூளை வளர்ச்சிக்கு அது கூடாது, அதனால் சுறாப் புட்டு இப்போதைக்கு உங்களுக்கும் மகளுக்கும் வேண்டாம். அரைவேக்காட்டு நண்டு, இறால், வெட்டி வைத்து ஈ மொய்க்கிற அன்னாசி, எந்தத் தண்ணீரில் செய்தது என்று தெரியாத ஐஸ், இவற்றை விட்டுவிடுங்கள். சட்டித் தயிர் சாப்பிடலாம், காய்ச்சாத பால் குடிக்கக் கூடாது. நன்றாகப் பழுத்த பப்பாசியும் சாப்பிடலாம், காயைத்தான் தவிர்க்க வேண்டும்.

10.1 என்று எழுதியிருந்ததைச் சும்மா விட முடியாது. கர்ப்பிணிக்கு 11க்குக் கீழே போனால் இரத்தசோகை என்றுதான் கிளினிக்கில் எடுத்துக்கொள்வோம். உங்களுடையது லேசானது, ஆகஸ்ட்டுக்குள் ஏற்றிவிடலாம், ஆனால் மாத்திரையை ஒழுங்காகப் போட வேண்டும். தேயிலை நாட்டில் நாம் செய்கிற பெரிய பிழை, இரும்புச்சத்து மாத்திரையைப் போட்ட கையோடு தேத்தண்ணி குடிப்பது. தேயிலையில் உள்ள துவர்ப்பு இரும்பை உடம்புக்குள் சேர விடாது. மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஒரு மணித்தியாலமாவது தேத்தண்ணி வேண்டாம், வைட்டமின் சி மாத்திரையோடோ தேசிக்காய்த் தண்ணீரோடோ போடுங்கள். கல்சியம் மாத்திரையை அதோடு சேர்க்காமல் வேறு நேரத்தில் போட வேண்டும். கிளினிக்கில் திரிபோஷா சத்துமா கொடுத்தால் வாங்கி நீங்களே சாப்பிடுங்கள், வீடு முழுக்கப் பங்கு வைத்துவிடுகிறார்கள். போவதற்கு முந்தைய கிளினிக்கில் இரத்தத்தைத் திரும்பப் பார்க்கச் சொல்லி மிட்வைஃப் மிஸ்ஸிடம் கேளுங்கள். 10க்குக் கீழே இறங்கியிருந்தால் பயணத்தைத் தள்ளி வையுங்கள்.

நுளம்பை மறக்காதீர்கள். நம்மூர்க் குளிரில் அதற்குப் பழக்கமில்லை, அங்கே நிறைய இருக்கும். மலேரியா இலங்கையில் ஒழிந்துவிட்டதாக 2016இல் உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்திருக்கிறது, அந்தப் பயம் இல்லை. டெங்கு இருக்கிறது. கிழக்கில் அது மாரி மழைக்குப் பிறகுதான் கூடும் என்றாலும் ஆகஸ்ட்டில் இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது. டெங்கு நுளம்பு கடிப்பது பகலில், காலையிலும் பொழுது சாயும் முன்பும், அதனால் மத்தியானத் தூக்கத்துக்கும் வலை கட்டுங்கள். டீட் என்ற நுளம்பு விரட்டி கலந்த கிரீமைக் கர்ப்பிணிகளும் பூசலாம், வெயில் கிரீம் முதலில், இது அதற்கு மேல். மகளின் கையில் மட்டும் பூச வேண்டாம், வாயில் வைப்பாள். அங்கே இருக்கும்போதோ வந்து இரண்டு வாரத்துக்குள்ளோ உங்களுக்குக் காய்ச்சல் வந்தால் முதல் நாளே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், இரண்டு நாள் பார்ப்போம் என்று இருக்க வேண்டாம், போய்வந்த இடத்தையும் சொல்லுங்கள். பரசிட்டமோல் தவிர வேறு எந்த வலி மாத்திரையும் போடாதீர்கள், பார்மசியில் தருகிற புருபன், டைக்ளோபெனாக் இரண்டும் கர்ப்பத்துக்கும் ஆகாது, டெங்குவுக்கும் ஆகாது.

கர்ப்பிணிப் பதிவு கார்டை வேன் டிக்கியில் அடியில் கிடக்கிற பைக்குள் போடாமல் உங்கள் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள், மகளின் கிளினிக் புத்தகத்தையும் சேர்த்து எடுங்கள். அவளுக்கு மூன்று வயது எம்எம்ஆர் ஊசி போட்டாயிற்றா என்று அதில் பாருங்கள், போடாவிட்டால் இப்போதே போட்டுவிடலாம். பாசிக்குடாவுக்குக் கிட்ட வாழைச்சேனை ஆதார வைத்தியசாலை இருக்கிறது, பெரிய தேவைக்கு மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை. அவசரத்துக்கு 1990க்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும், தமிழிலேயே பேசலாம். இரத்தம் படுவது, தண்ணீர் கசிவது, வயிறு விட்டு விட்டு இறுகுவது, தாங்க முடியாத தலையிடி, கண் மங்குவது, இவற்றில் ஒன்று வந்தாலும் டூர் கெட்டுப்போகுமே என்று மறைக்காமல் கணவரிடம் உடனே சொல்லுங்கள்.

கடைசியாகக் கேட்ட கேள்விக்கு வருகிறேன். வெயிலில் நின்றால் வயிற்றுப் பிள்ளை கறுக்காது, குங்குமப்பூ சாப்பிட்டால் வெளுக்கவும் செய்யாது. நிறம் அப்பா அம்மாவிடமிருந்தும் இரண்டு பக்கத்துப் பரம்பரையிலிருந்தும் வருவது, அது கரு உண்டான அன்றே முடிவானது. வெயிலில் மாற்றம் வருவது உங்கள் முகத்தில்தான், கர்ப்ப காலத்தில் கன்னத்திலும் நெற்றியிலும் மங்கு விழும், வெயில் பட்டால் அது கூடும். அகலமான தொப்பி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், துத்தநாக ஒக்சைட் உள்ள வெயில் கிரீமாகக் கேட்டு வாங்குங்கள், அது கர்ப்பத்தில் பூசலாம், மகளுக்கும் அதையே பூசலாம்.